பட்டிக்கு ஒரு துவக்கு

ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஏழு பேர் தோட்டவெளியில் நான்கு நாள் நின்றோம். எங்களில் ஒருத்தியின் மாமா வீடு. ஸ்ரேசனில் இறங்கி மணல் ஒழுங்கையால் பத்து நிமிச நடை. மாமாவிடம் பதினாலு மாடு, முப்பது சொச்சம் ஆடு. பாலம் தாண்டி, கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயலும் இருக்கிறது. நாங்கள் ஆய்வு செய்யப் போகவில்லை, மீன் குழம்பு சாப்பிடத்தான் போனோம்.

இரண்டாம் நாள் இரவு கரண்ட் போய்விட்டது. விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, ஒருத்தன் போனில் இறக்கி வைத்திருந்த வீடியோ ஒன்றைப் பார்த்தோம். அமெரிக்காவில் ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். தொப்பி, சேறு படிந்த சப்பாத்து, இடுப்பில் தோல் உறை, அதற்குள் ரிவோல்வர். வேலி கட்டவும் மாடு சாய்க்கவும் ட்ரக்டர் திருத்தவும் அதோடுதான் போகிறார். வருசக்கணக்காக மழையிலும் தூசியிலும் கிடந்தாலும் பிழைக்காத ரிவோல்வர் எது என்று இருபது நிமிசம் விளக்குகிறார். பார்த்து முடிந்ததும் எங்களுக்குள் சண்டை தொடங்கியது. கேம் விளையாடிப் பழகியவர்கள் ஒரு பக்கம், வெஸ்டர்ன் படம் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் ஒருத்தன் கேட்டான்: "சரி, மாமான்ர பட்டிக்கு எது நல்லம்?"

மாமா உள்ளே இருந்து சிரித்தார். "எனக்கு முதல் ஒரு நல்ல ரோச் லைற் வாங்கித் தாங்கோ" என்றார்.

அந்தக் கேள்வியைப் பகிடியாக விட்டுவிட எங்களால் முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அதையே கதைத்துக்கொண்டிருந்தோம். இது அந்தக் கதையின் மிச்சம்.

முதலில் பண்ணைக்காரருக்கு நியாயம் செய்வோம். அவர் வைத்திருப்பது சிங்கிள் அக்சன் என்கிற வகை. இதில் விசைக்கு ஒரு வேலைதான் உண்டு, குதிரையை விடுவிப்பது. குதிரை என்பது பின்னால் சுத்தியல் மாதிரி நிற்கிற துண்டு. அதை ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்காமல் விசையை எவ்வளவு அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. டபிள் அக்சனில் விசையே இரண்டு வேலையையும் பார்க்கும். அதனால் அதற்குள் துண்டுகளும் கூட, பிழைக்கிற இடங்களும் கூட. சிங்கிள் அக்சனில் உருளை பக்கவாட்டில் திறந்து வெளியே வராது. சட்டகம் ஒரே துண்டாக இருக்கும். தோட்டாவை ஒரு சின்னக் கதவால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் வளைய, ஆட, கழரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இதன் மூத்த அண்ணன் கோல்ட் கொம்பனியின் சிங்கிள் அக்சன் ஆர்மி. 1873-இல் அமெரிக்க இராணுவம் எடுத்தது. படங்களில் நாங்கள் பார்க்கிறது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு இரண்டு குறை இருந்தது. உள்ளே இருந்த தட்டை ஸ்பிரிங்குகள் நாள்பட முறியும். மற்றது, குதிரை தோட்டாவுக்கு மேல் நேராகப் படுத்திருக்கும், துவக்கு கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம். ஆறு தோட்டா போகிற துவக்கில் ஐந்தைப் போட்டு, குதிரைக்குக் கீழே வெறும் அறையை வைத்துத் திரிவதுதான் விவரம் தெரிந்த ஆட்களின் பழக்கம். படத்தில் எந்தக் கதாநாயகனும் ஐந்தோடு நிறுத்தியதை நாங்கள் பார்க்கவில்லை.

1949-இல் கனெக்ரிக்கட் மாநிலத்தில் தொடங்கின ரூகர் கொம்பனி 1953-இல் .22 அளவில் ஒன்றையும், 1955-இல் பிளாக்ஹோக் என்ற பெரியதையும் கொண்டு வந்தது. வெளித்தோற்றம் பழைய கௌபோய் துவக்குத்தான். உள்ளே தட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங். முறிகிற பிரச்சினை அதோடு முடிந்தது. விழுந்தால் வெடிக்கிற பிரச்சினை தீர 1973 வரை போனது. அந்த வருசம் குதிரைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சின்ன உருக்குத் தகட்டை வைத்தார்கள். விசையை அமத்திப் பிடித்தால்தான் அது மேலே வந்து அடியை ஊசிக்குக் கடத்தும். விசையைத் தொடாமல் துவக்கு விழுந்தால் அடி ஊசிக்குப் போகாது. இதற்குப் பிறகு ஆறும் போட்டுத் திரியலாம்.

ஆகவே அந்தப் பண்ணைக்காரர் கேட்டிருந்தால் நாங்களும் அவர் சொன்னதைத்தான் சொல்லியிருப்போம்: 1973-க்குப் பிந்தின ரூகர், துருப்பிடிக்காத உருக்கில், .357 அளவில். அதே உருளையில் விலை குறைந்த .38 தோட்டாவும் போகும், பாம்புக்கென்று சின்னச் சன்னம் அடைத்த தோட்டாவும் கிடைக்கும். துருப்பிடிக்காத உருக்கு என்பதை மன்னார்த் தீவில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே சைக்கிள் செயினும் கிணற்றுக் கப்பியும் கூரைத் தகரமும் உப்புக் காற்றுக்கு எத்தனை வருசம் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதோடு வீடியோவின் பாடம் முடிந்தது. இனி மாமாவின் பட்டி.

இலங்கையில் மாட்டுக்காரர் ஒருவர் ரிவோல்வர் வாங்கப் போக முடியாது. 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கையும் வைத்திருப்பது குற்றம். பத்திரத்தை ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கவும் வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று தருவது சன்னம் அடிக்கிற நீட்டுத் துவக்கு. கைத்துப்பாக்கி தற்பாதுகாப்புக்கென்று பாதுகாப்பு அமைச்சு பார்த்துக் கொடுக்கிறது. அது போய்ச் சேருகிற ஆட்கள் வேறு. 2024 கடைசியில் அப்படிக் கொடுத்தவற்றையே அமைச்சு மீள ஒப்படைக்கச் சொல்லிப் பரிசீலித்தது. மாட்டுக்காரர் அந்த வரிசையில் நிற்கவே இல்லை.

சட்டம் இடம் கொடுத்தால் மட்டும்? மாமாவுடன் ஒரு நாள் முழுக்கத் திரிந்தோம். காலையில் பட்டி திறந்து, பால் எடுத்து, மாட்டை அவிழ்த்து விட்டு, கொக்கத்தடியோடு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய், பின்னேரம் எண்ணிப் பார்த்து அடைக்கிறார். கையில் ஒரு கம்பு, இடுப்பில் காட்டுக்கத்தி, தோளில் ஒரு கயிறு. இந்த நாளில் எந்த இடத்தில் ரிவோல்வர் உதவும் என்று தேடினோம்.

பாம்பு இருக்கிறது. எங்கள் கரையோர மணலில் சுருட்டை விரியன் உண்டு, ஒரு முழம் கூட இல்லாதது. காய்ந்த ஓலைக்குக் கீழே கிடக்கிற அதை மிதித்த பிறகுதான் காண்கிறார்கள். கடித்த பிறகு சுட்டு என்ன பயன்? அதற்கு வேண்டியது ரோச் லைற்றும் முழங்கால் வரை சப்பாத்தும், கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிளும். நாய்க்கூட்டம் ஆட்டுக்குட்டியைக் கடிக்கிறது. அதற்கு அடைப்பு வேலிதான் மருந்து, மாமா இரண்டு பக்கம் கட்டிவிட்டார், மற்ற இரண்டு பக்கத்துக்குக் காசு பார்த்துக்கொண்டிருக்கிறார். களவு இருக்கிறது. விடிய எழும்பிப் பார்த்தால் கயிறு மட்டும் கிடக்கும். நித்திரையில் இருக்கிற ஆளின் தலைமாட்டில் ரிவோல்வர் இருந்தால் கள்ளன் அதையும் கொண்டு போவான்.

மாடுகள் உண்மையில் எதனால் சாகின்றன என்று கேட்டோம். அவர் சொன்னது எதுவும் சுடக்கூடிய சாமான் இல்லை. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் பக்கத்தால் போனபோது வந்த குளிர் காற்றில் வடக்கு கிழக்கு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஒன்றிரண்டு நாளில் செத்தன. அடுத்த வருசம் தோல்கழலை நோய் வந்தது. இதை விட, வருசா வருசம் வருகிற ஒரு சாவு மேய்ச்சல் தரை இல்லாமை. காலபோகம் விதைக்கத் தொடங்கினால் பெருநிலத்தில் மாடு நிற்க இடமில்லை. தீவில் றோட்டில் நின்றால் கட்டாக்காலி என்று பிடிக்கிறார்கள், கழுதையோடு சேர்த்து. "மாட்டுக்கு இடமில்லாத ஊரில மாட்டுக்காரனுக்குத் துவக்கு என்னத்துக்கு?" என்று மாமி கேட்டா. எங்களில் யாரும் அவவுக்குப் பதில் சொல்லவில்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொன்று. மேய்ச்சல் தரை இல்லாத ஊரில் மாடு வயலுக்குள் இறங்கும். வயல்காரர் அதைப் பிடித்துக் கட்டி வைப்பார். மாட்டுக்காரர் அவிழ்க்கப் போவார். இரண்டு பேரும் வாய்க்காலில் நின்று ஒருவரின் அம்மாவை மற்றவர் இழுத்துக் கதைப்பார்கள். பிறகு யாரோ ஒரு பெரியவர் வந்து நட்டத்தைப் பேசித் தீர்ப்பார். மூன்றாம் மாதம் அதே இரண்டு பேரும் ஒரு கலியாண வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். எங்கள் ஊர்களில் இது ஒவ்வொரு போகமும் நடக்கிறது. அந்த வாய்க்கால் நிமிசத்தில் இரண்டு பேரின் இடுப்பிலும் நன்றாக உழைக்கிற, ஒருநாளும் பிழைக்காத ரிவோல்வர் இருக்கிறதாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் இடுப்பில் இருக்கிற துவக்கு ஒவ்வொரு நாள் கோபத்துக்கும் பக்கத்தில் இருக்கும். எங்களில் ஒருத்தி இதை இன்னும் கிட்டக் கொண்டு வந்தாள்: "வாய்க்காலை விடுங்கோ. குடிச்சிட்டு வீட்ட வாற ஆளின்ர இடுப்பில எண்டு யோசியுங்கோ."

அதனால் ரிவோல்வர் வேண்டாம். இதில் எங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

அது வந்தது அடுத்த கட்டத்தில்.

மாமாவின் அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்திருக்கிறது. ஒற்றைக்குழல், பன்னிரண்டாம் போர், பத்திரத்தோடு. (பன்னிரண்டு என்பது மில்லிமீற்றர் இல்லை. அந்தக் குழலுக்குள் சரியாகப் போகிற ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். எங்களுக்கும் இப்போதுதான் தெரியும்.) நடுவில் மடித்துத் திறந்து ஒரு தோட்டா போட்டு மூட வேண்டும். வெளியே ஒரு குதிரை. அதைப் பெருவிரலால் இழுத்து நிறுத்தினால்தான் வெடிக்கும். அதாவது, நாங்கள் வீடியோவில் பார்த்துச் சண்டை பிடித்த சிங்கிள் அக்சன் எங்கள் தாத்தாமாரின் வளையில் ஏற்கெனவே தொங்கியிருக்கிறது. பெயர்தான் அது இல்லை. பன்றிக்கென்று வாங்கினது. வயல் காவலுக்குப் போகும்போது மட்டும் இறங்கும், வந்ததும் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து மேலே போய்விடும். பிள்ளைகள் தொட்டால் அடி.

எண்பதுகளில் வடக்கில் இந்தப் பத்திரத் துவக்குகளை இரண்டு பக்கமும் கேட்டது. அரசாங்கம் ஒப்படைக்கச் சொன்னது. இயக்கங்கள் வீடு வீடாக வந்து கேட்டு எடுத்தன. தாத்தாவின் துவக்கை ஒரு இரவு நான்கு பொடியள் வந்து கேட்டிருக்கிறார்கள். எந்த இயக்கம் என்று மாமா சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. துடைத்துத்தான் கொடுத்தாராம். "நல்ல சாமான், பழுதாக்கிப் போடாதேங்கோ" என்று சொன்னாராம். மாமா இதைச் சொல்லிச் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

நீடித்து உழைக்கும் துவக்கு என்று வீடியோக்காரர் சொன்னதை நாங்கள் அங்கேதான் வேறு மாதிரிக் கேட்டோம். அமெரிக்கப் பண்ணையில் அதன் அர்த்தம் பேரன் கைக்குப் போகும் என்பது. இங்கே அது யார் கைக்கும் போகும். நல்ல உருக்குக்கு எழுபது எண்பது வருசம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்களில் ஒரு ஒழுங்கு எழுபது வருசம் அப்படியே நின்றது எப்போது? பன்றிக்கு வாங்கின துவக்கு பத்து வருசத்தில் எதற்குப் போகும் என்று வாங்கினவருக்குத் தெரியாது. தோட்டவெளி வேதசாட்சிகளின் ஊர். 1544-இல் சங்கிலி மன்னனின் ஆட்கள் மன்னாரில் மதம் மாறினவர்களைக் கொன்றதை நினைக்கிற கோவில் அங்கே இருக்கிறது. அது வாளின் காலம். 1990 ஒக்டோபர் கடைசியில் பக்கத்து எருக்கலம்பிட்டியில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் சனத்தைத் துவக்கு முனையில் வெளியேற்றினார்கள். அது தாத்தாவின் ஒற்றைக்குழல் இல்லைத்தான். ஆனால் துவக்கு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்கிறதே ஊர்ச் சட்டம் என்றால் என்ன நடக்கும் என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். எங்கள் குழுவில் எருக்கலம்பிட்டிக் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கிறாள், புத்தளத்தில் பிறந்தவள். அவள் இந்த விவாதம் முழுக்க மற்றவர்களை விடக் குறைவாகத்தான் கதைத்தாள்.

இந்த இடத்தில் நாங்கள் எழுதி முடித்திருந்தால் துவக்கே வேண்டாம் என்ற ஒரு வரியோடு முடிந்திருக்கும். முடிக்க விடாதவன் எங்களில் ஒருத்தன். பெருநிலத்துக்காரன். அவன் வீட்டு வயல் காட்டோரம்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "நீங்கள் தீவில இருந்து கதைக்கிறியள். உங்களுக்குப் பன்றி இறைச்சி தெரியும், பன்றியைத் தெரியாது. தையில கதிர் பால் பிடிக்கேக்க ஒரு இரவில ஒரு கூட்டம் இறங்கினா அரை ஏக்கர் போச்சு. திண்டுறது கொஞ்சம், உழக்கிறதுதான் கூட. தகரம் தட்டினா முதல் கிழமை ஓடும், ரெண்டாம் கிழமை நிண்டு கேக்கும். அப்பா எடுத்த கடன் அந்த வயலுக்குள்ளதான் கிடக்கு. துவக்குப் பத்திரம் கேட்டா ஏழு இடத்துக்கு அலைய வேணும். அலைஞ்சு களைச்ச ஆள் என்ன செய்வார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். கட்டுத்துவக்கு வைப்பார். ஒரு துண்டுக் குழாய், கொஞ்சம் மருந்து, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. அல்லது ஹக்கபட்டாஸ் என்று சிங்களத்தில் சொல்கிற பன்றிவெடி, தீனிக்குள் மறைத்து வைக்கிறது. இரண்டும் சட்டவிரோதம், இரண்டும் வன்னி முழுக்க இருக்கிறது. கட்டுத்துவக்கின் கம்பியைப் பன்றி மட்டும் தட்டாது. விறகுக்குப் போகிற மனிசனின் கால் தட்டும், தேன் எடுக்கப் போகிறவர் தட்டுவார், மாடும் தட்டும். பன்றிவெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டிகளின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தின்ன முடியாமல் நாட்கணக்காக நின்று சாகும். காட்டோரம் மேய்கிற மாட்டுக்கும் அதே கதிதான்.

இங்கேதான் எங்களுக்கு அந்த வீடியோவின் பெருவிரல் திரும்ப ஞாபகம் வந்தது. சிங்கிள் அக்சனில் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மனிசன் பார்த்து, முடிவெடுத்து, பெருவிரலை அசைக்க வேண்டும். முன்னால் நிற்பது பன்றியா பக்கத்து வயல்காரரா என்று பார்க்க ஒரு நொடி இருக்கிறது. இழுத்த குதிரையை மெல்ல இறக்கி விடவும் முடியும். கட்டுத்துவக்கில் பெருவிரலும் இல்லை, கண்ணும் இல்லை. வைத்தவர் வீட்டில் நித்திரை. காலையில் யார் விழுந்து கிடக்கிறார் என்று போய்ப் பார்க்கிறார். பத்திரத் துவக்கை மறுக்கிற ஒவ்வொரு இடத்திலும் கட்டுத்துவக்கு ஒன்று கூடுகிறது என்று அவன் சொன்னதை எங்களால் தட்ட முடியவில்லை. எல்லாவற்றையும் தடை செய்தால் சமாதானம் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது கசப்பாகத்தான் இருந்தது.

மூன்று நாள் வட்ஸ்அப்பில் இழுபட்டு, இப்போதைக்கு நாங்கள் நிற்கிற இடம் இது. தீவில் மாடு ஆடு வளர்க்கிறவர்களுக்குத் துவக்குத் தேவையில்லை, ரிவோல்வர் யாருக்கும் தேவையில்லை. காட்டோர வயல் காவலுக்கு, வெளிக்குதிரை உள்ள ஒற்றைக்குழல் துவக்குக் கொடுக்கலாம். ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூடாது, கமக்காரர் அமைப்புக்கு ஒன்றோ இரண்டோ கொடுக்க வேண்டும். போகம் தொடங்க வெளியே வந்து, அறுவடை முடியத் திரும்பிப் பூட்டுக்குள் போக வேண்டும். எத்தனை தோட்டா போனது, எத்தனை வந்தது, வெற்றுக் கோது எங்கே என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அந்தக் கொப்பியை ஊரில் யார் கேட்டாலும் பார்க்கலாம் என்றிருக்க வேண்டும், பெண்கள் உட்பட. இது முழுக்க எங்கள் மூளையில் உதித்ததும் இல்லை. கேரளாவில் 2022-இலிருந்து பன்றியைச் சுட உத்தரவிடுகிற அதிகாரம் உள்ளூராட்சித் தலைவர்களிடம் இருக்கிறது. சுடுகிறவர்கள் பத்திரம் உள்ள, பட்டியலில் பெயர் உள்ள சிலர் மட்டும். எல்லாக் கமக்காரரையும் வேட்டைக்காரர் ஆக்காமல் வேலை நடக்கிறது. அங்கேயும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யார் சுட்டார் என்று கேட்டால் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார்.

அமைப்புத் தலைவர் அந்தத் துவக்கைத் தன் வீட்டு வளையில் தொங்கவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அவர் தேர்தலில் நின்றால்? பூட்டின் திறப்பு இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று கமநல சேவை நிலையத்தில் என்று எழுதினோம். இது எல்லாவற்றையும் தீர்க்காது. ரூகர் கொம்பனியே 1973-க்குப் பிறகு ஒரு வேலை செய்தது: தான் முன்பு விற்ற பழைய துவக்குகளைத் திருப்பி அனுப்பினால் புதிய பாதுகாப்புத் துண்டை இலவசமாகப் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தது. செய்தவனுக்கே, தான் செய்தது எவ்வளவு காலம் உலகத்தில் சுற்றப் போகிறது என்ற பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தில் பாதியாவது பத்திரம் எழுதிக் கொடுக்கிற மேசையில் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் அரசாங்கத்துக்கும் ஒன்று. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிசம் குரங்கும் மயிலும் அணிலும் எண்ணச் சொன்னீர்கள். நாங்களும் எண்ணினோம், எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மயில் நின்றது, எழுதினோம். எண்ணுவதில் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் கட்டுத்துவக்கில் கால் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்? மேய்ச்சல் தரை என்று அடையாளம் காட்டி எல்லைக்கல் போடாமல் இருக்கிற காணிகளை? வேலிக்கும் ரோச்சுக்கும் கொடுக்கிற காசு துவக்கை விட மலிவு. நான்கு பக்கமும் வேலி உள்ள பட்டியில் நாயும் இல்லை, பாதிக் களவும் இல்லை. அதை முதலில் செய்துவிட்டு மிச்சத்துக்குத் துவக்கைப் பற்றிக் கதைக்கலாம்.

பெருநிலத்துக்காரன் இதை வாசித்துவிட்டு இன்னும் திருப்தியில்லை என்கிறான். அமைப்புப் பூட்டுக்குள் இருக்கிற துவக்கு இரவு பதினொரு மணிக்குத் தன் வயலுக்கு வந்து சேர முன் பன்றி சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போய்விடும் என்கிறான். தைப்பொங்கல் லீவுக்கு வந்து ஒரு இரவு காவல் குடிலில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதச் சொன்னான். போகிறதென்று முடிவு. எருக்கலம்பிட்டிக்காரியும் வருகிறாள், அவவின் உம்மா சம்மதித்தால். ரோச் எங்களிடம் மூன்று இருக்கிறது, நான்காவது மாமாவுக்கு.